வைபை வராத கணனி: துருசிலிருந்து வயல்வரை ஒரு தேடல்

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த விவசாயியும் உடனே வயலை உழுது புரட்டுவதில்லை. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, துருசு திறந்திருக்கிறதா, பிரதான வாய்க்கால் எங்காவது உடைந்திருக்கிறதா, கிளை வாய்க்காலை யாராவது மறித்திருக்கிறார்களா என்று மேலிருந்து கீழே நடந்து பார்ப்பார். கணனியில் இணையம் வராதபோது மட்டும் நம்மிடையே இந்த நிதானம் காணாமற் போய்விடுகிறது. “பழுதாகிவிட்டது, கடைக்குக் கொண்டுபோவோம்” என்பதே முதற் பேச்சாக இருக்கிறது. கடையிலும் பல வேளைகளில் கிடைப்பது ஒரே பதில்தான்: “ஃபோர்மட் பண்ணவேண்டும்.”

இந்தப் பதில் நம்மைப் போன்ற மக்களுக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை முதலில் சொல்லவேண்டியுள்ளது. இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் வீடும் மாடும் போன பிறகு எஞ்சியிருப்பது காகிதம். காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், நட்டஈட்டுக் கடிதம், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றில் பலவற்றின் மூலப்பிரதி மழையிலோ தீயிலோ ஓட்டத்திலோ போய்விட்டது. மீதமிருந்தவற்றைப் படம் பிடித்துப் பொது மண்டபத்துக் கணனியில் சேர்த்து வைத்திருக்கிறோம். ஃபோர்மட் செய்வது என்றால் அந்தப் பெட்டகத்தை ஒரே நொடியில் துடைப்பது. கம்பியில்லா இணைப்பில் வரும் கோளாறுக்கும் அந்தப் பெட்டகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. துருசில் குப்பை அடைத்ததற்காக வீட்டை இடிப்பதா?

கலேவெலப் பகுதியில் நாம் பாவிக்கும் மேசைக் கணனிகளுட் பல, நகரத்து அலுவலகங்கள் கழித்து விட்டவை. அவற்றில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஏற்றியிருப்பதற்குக் காரணம் எளிமையானது. அதற்கு விலை இல்லை. பழைய இயந்திரத்திலும் ஓடும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு நிறுத்தப்பட்டது. புதிய பதிப்பை ஏற்க முடியாத எத்தனையோ கணனிகள் குப்பைக்குப் போகும் நிலைக்கு வந்தன. அவற்றுக்கு இரண்டாவது ஆயுள் கொடுப்பது லினக்ஸ்தான். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது இது. அதற்கு முன்பே, 1983இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் யாரும் எடுத்து ஓட்டவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருட்களுக்கான முயற்சியை ஆரம்பித்திருந்தார். இரண்டும் சேர்ந்தே இன்று நம் மேசைக்கு வந்திருக்கின்றன. விதை நெல்லை அயலவரோடு மாற்றிக்கொள்ளும் பழக்கமுள்ள நமக்கு இது புதுமையான சிந்தனையல்ல. தமிழ்நாட்டிலும் 2011இல் ஆரம்பித்த இலவச மடிக்கணனித் திட்டத்தில், சென்னையிலிருந்து உருவாக்கப்பட்ட ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் விண்டோஸோடு சேர்த்து மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

ஆனால் லினக்ஸில் மிக அதிகமாக முறைப்பாடு வரும் இடமும் ஒன்றுதான். அது வைபை. ஏன் என்பதைப் பார்த்துக்கொண்டே போவோம்.

குளத்தில் தண்ணீர் இருக்கிறதா?

கணனியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கைத்தொலைபேசியை எடுத்து, அதன் சொந்தத் தரவை நிறுத்திவிட்டு, அதே வைபையில் இணைத்து ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். தொலைபேசியிலும் வரவில்லையென்றால் குற்றம் கணனியில் இல்லை. நமது பகுதியில் பல இடங்களில் இணையம் வருவது சிம் போட்ட ரவுட்டர் பெட்டி மூலமாகத்தான். பொதி முடிந்திருக்கலாம். சில பொதிகளில் இரவு நேரத்துக்கென்று ஒரு பங்கு தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும். பகற் பங்கு தீர்ந்தால் பகலில் இணையம் செத்துக்கிடக்கும், நடுநிசிக்குப் பின் உயிர் வரும். “பேய் பிடித்த ரவுட்டர்” என்று ஒரு தாயார் சொன்னது இதைத்தான்! மின்சாரம் போய் வந்த பிறகு ரவுட்டர் சில நிமிடங்கள் எடுத்துத்தான் கோபுரத்தோடு பேசத் தொடங்கும். அதை நிறுத்தி, முப்பது எண்ணி, மீண்டும் போட்டுப் பொறுத்திருங்கள்.

தொலைபேசியில் வருகிறது, கணனியில் மட்டும் வரவில்லை என்றால் அடுத்த மடைக்குப் போகலாம்.

கணனிக்குக் காது இருக்கிறதா?

மடிக்கணனிக்குள் வைபைக் கருவி இருந்தே வரும். மேசைக் கணனியில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. கம்பி செருகும் துளை மட்டுமே இருக்கும். ஆகவே விரல் நுனியளவு யூஎஸ்பி டொங்கிள் ஒன்றை வாங்கிச் செருகுகிறோம். இந்தச் சிறு பொருளில்தான் பாதித் தொல்லை இருக்கிறது.

கணனியில் ‘டெர்மினல்’ என்ற கறுப்புப் பலகையைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துக்களையும் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்து என்டர் விசையைத் தட்டுங்கள். செருகியிருக்கும் பொருட்களெல்லாம் வரிசையாக வரும். டொங்கிளைக் கழற்றிவிட்டு ஒரு முறை, செருகிவிட்டு ஒரு முறை செய்து பார்த்தால், புதிதாக வந்த வரி எதுவோ அதுதான் உங்கள் டொங்கிள். ஒரு வரியும் புதிதாக வரவில்லையென்றால் வேறு துளையில் செருகுங்கள். அப்போதும் இல்லையென்றால் பொருள் இறந்துவிட்டது. கணனிக்குள்ளேயே பூட்டிய அட்டையாக இருந்தால் எல், எஸ், பி, சி, ஐ என்று அடிக்கவேண்டும்.

அந்த வரியில் நான்கு, நான்காக எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு அடையாளம் இருக்கும். அதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் பெயரைவிட இதுவே உண்மையான பெயர். ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே விலையுள்ள இரண்டு டொங்கிள்களுக்குள் இரண்டு வேறு நிறுவனங்களின் சில்லுகள் இருப்பதுண்டு. உதாரணமாக, பூச்சியம், பி, டி, ஏ என்று தொடங்கினால் அது ரியல்டெக் நிறுவனத்தின் சில்லு.

சில டொங்கிள்கள் இன்னொரு வேடிக்கையும் செய்யும். செருகியவுடன் தன்னை ஒரு சீடி என்று காட்டிக்கொள்ளும். விண்டோஸ் பாவிப்பவருக்கு வேண்டிய மென்பொருளை அந்தப் போலிச் சீடிக்குள் வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் திரையில் ஒரு சீடிப் படம் தோன்றினால் அதன்மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டு ‘இஜெக்ட்’ கொடுத்துப் பாருங்கள். பல வேளைகளில் வேடம் கலைந்து வைபைக் கருவியாக மாறிவிடும். இதைத் தானாகவே செய்வதற்கு யூஎஸ்பி மோட்சுவிட்ச் என்ற சிறு நிரல் உண்டு.

துருசு பூட்டியிருக்கிறதா?

கருவி இருக்கிறது, ஆனால் வைபை என்ற சொல்லே திரையில் மங்கிக் கிடக்கிறது என்றால் அதை யாரோ அணைத்திருக்கலாம். விமானப் பயண நிலை என்ற பொத்தானைப் பிள்ளைகள் விளையாட்டாக அழுத்தியிருப்பார்கள். ஆர், எஃப், கே, ஐ, எல், எல் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ‘லிஸ்ட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்தால் இரண்டு வகைப் பூட்டைக் காட்டும். மென்பூட்டு என்றால், அதே கட்டளையில் ‘லிஸ்ட்’ என்பதற்குப் பதிலாக ‘அன்பிளொக் வைபை’ என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறந்துவிடலாம். வன்பூட்டு என்றால் கையால் தள்ளவேண்டிய ஒரு சுவிட்ச் எங்கோ இருக்கிறது. அது மடிக்கணனிகளிலேயே பெரும்பாலும் உண்டு.

உழவனும் கலப்பையும்

இனி வருவதே பிரதான வாய்க்கால். எந்தக் கருவியையும் இயக்க, அதன் மொழி தெரிந்த ஓர் ஓட்டுநர் நிரல் லினக்ஸுக்குள் இருக்கவேண்டும். ‘டிரைவர்’ என்பார்கள். அது மட்டும் போதாது. இன்றைய வைபைச் சில்லு ஒவ்வொன்றும் தானே ஒரு சிறு கணனி. மின்சாரம் வந்ததும் அதற்குள் ஏற்றவேண்டிய ஒரு சிறு கோப்பு உண்டு. அதை ‘ஃபேர்ம்வேர்’ என்கிறார்கள். டிரைவர் உழவன் என்றால் ஃபேர்ம்வேர் கலப்பையின் கொழு. கொழு இல்லாத கலப்பையோடு உழவன் வயலில் நின்று என்ன பயன்?

இந்தக் கொழுவைச் சில்லுச் செய்யும் நிறுவனங்கள் பூட்டியே வைத்திருக்கின்றன. அதன் உள்ளடக்கத்தை யாருக்கும் காட்டுவதில்லை. எல்லாம் திறந்திருக்கவேண்டும் என்ற கொள்கையுள்ள லினக்ஸ் தொகுப்புக்கள் ஆகவே அதை ஏற்கத் தயங்கின. டெபியன் என்ற புகழ்பெற்ற தொகுப்பு 2022இல் தன் உறுப்பினரிடையே வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்தே இக்கோப்புக்களைத் தன் நிறுவு வட்டில் சேர்த்தது. அதற்கு முன் டெபியன் போட்ட எத்தனையோ பேர், வைபைக்கு வேண்டிய கோப்பை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும் என்ற வட்டத்தில் சிக்கித் தவித்தார்கள். புரோட்கொம் நிறுவனத்தின் சில்லுகளும் நெடுங்காலம் இப்படித்தான் தலைவலி கொடுத்தன. 2010இல்தான் அந்நிறுவனம் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. கொள்கை நல்லதுதான். ஆனால் கோப்பு இல்லாமல் நின்றவர்களின் சிரமத்தையும் கணக்கில் எடுக்க இத்தனை ஆண்டுகள் சென்றிருக்கவேண்டியதில்லை என்பது நமது எண்ணம்.

கொழு இல்லை என்பதை எப்படி அறிவது? ‘சூடோ’ என்ற சொல்லுக்குப் பின் இடைவெளி விட்டு டி, எம், ஈ, எஸ், ஜி என்று ஆங்கிலத்தில் அடித்தால், கணனி எழுந்ததிலிருந்து தனக்கு நடந்ததையெல்லாம் ஒப்புவிக்கும். நீளமாக இருக்கும், பயப்படவேண்டாம். அதில் ‘ஃபேர்ம்வேர்’ என்ற சொல்லும் அதன் அருகே ‘ஃபெயில்ட்’ என்ற சொல்லும் வந்தால் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள்.

வட்டத்திலிருந்து வெளிவர ஓர் அருமையான குறுக்கு வழி உண்டு. அண்ட்ரொய்ட் தொலைபேசி ஒன்றைச் சார்ஜ் ஏற்றும் அதே வயரால் கணனியில் செருகி, தொலைபேசியின் அமைப்புக்களில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதைப் போட்டுவிடுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பு என்று எண்ணி, பெரும்பாலும் எந்த மென்பொருளும் கேட்காமல் இணையத்தை எடுத்துக்கொள்ளும். டொங்கிள் வாங்கப் பணம் இல்லாத நாளிலும் இது கைகொடுக்கும். அப்படி இணையம் வந்ததும் உபுண்டு வகைக் கணனியில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ என்ற சாளரத்தைத் திறந்தால் உங்கள் கருவிக்கு வேண்டியது ஏதாவது இருந்தால் அதுவே சொல்லும். பிறகு முழுப் புதுப்பித்தலையும் செய்துவிடுங்கள்.

நேற்றுவரை ஓடியது, புதுப்பித்த பிறகு நின்றுவிட்டது என்றால் கதை வேறு. லினக்ஸின் கருவான ‘கேர்னல்’ மாறியதும் பழைய டிரைவர் அதற்குப் பொருந்தாமற் போயிருக்கலாம். கணனி எழும்போது வரும் பட்டியலில் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ என்பதற்குள் முன்னைய கேர்னல் இன்னும் இருக்கும். அதைத் தெரிவு செய்து எழுப்புங்கள். அதில் வைபை வந்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும். கையால் தனியாக ஏற்றிய டிரைவரென்றால் ‘செக்கியூர் பூட்’ என்ற பாதுகாப்புப் பூட்டும் அதை உள்ளே விடாமல் தடுக்கக்கூடும். ஒரே கணனியில் விண்டோஸும் இருந்து, அதில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்பது போடப்பட்டிருந்தால், விண்டோஸ் முழுமையாக அணையாமல் வைபைக் கருவியைப் பாதித் தூக்கத்தில் விட்டுவிடும். லினக்ஸ் வந்து எழுப்பினாலும் அது எழும்பாது. விண்டோஸில் அதை நீக்கிவிடவேண்டும்.

கடவுச்சொல்லில் ஒரு கண்ணி

வைபைப் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, கடவுச்சொல்லைத்தான் ஏற்க மறுக்கிறது என்று வருவோர் பலர். நம் மண்டபக் கணனிகளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று விசைப்பலகைகளும் பூட்டியிருக்கின்றன. முன்னால் இருந்தவர் தமிழில் கடிதம் அடித்துவிட்டு எழுந்து போயிருப்பார். நீங்கள் சரியான விசைகளையே தட்டுகிறீர்கள். புள்ளிகளாகத் தெரிவதால் உள்ளே தமிழ் எழுத்துப் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. கடவுச்சொல்லைக் காட்டும் கண் அடையாளத்தைச் சொடுக்கிவிட்டு அடியுங்கள். ரவுட்டரின் கடவுச்சொல்லை யாராவது மாற்றியிருந்தால், கணனியில் பழைய இணைப்பை ‘ஃபொர்கெட்’ கொடுத்து மறக்கச் செய்துவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

இன்னொன்று. கணனி எழுந்ததும் ‘கீரிங்’ என்ற பெயரோடு ஒரு பெட்டி வந்து கடவுச்சொல் கேட்கும். பலர் வைபைக் கடவுச்சொல்லை அதில் அடித்து அடித்துக் களைத்துப் போகிறார்கள். அது கேட்பது கணனிக்குள் நுழையும் கடவுச்சொல்லை. சாவிக்கொத்து வைத்திருக்கும் அலுமாரியின் சாவி அது.

இணைந்தது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை

வைபை அடையாளம் முழுதாக நிற்கிறது. பக்கம் மட்டும் வரவில்லை. ‘பிங்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு 8.8.8.8 என்று அடியுங்கள். அது கூகிள் நிறுவனத்தின் ஒரு பொதுச் சேவையின் முகவரி. வரிவரியாகப் பதில் வந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. பெயரை எண்ணாக மாற்றிக்கொடுக்கும் டீஎன்எஸ் என்ற சேவைதான் நிற்கிறது. இணைப்பின் அமைப்பில் டீஎன்எஸ் என்ற இடத்தில் அதே 8.8.8.8ஐ எழுதி, துண்டித்து மீண்டும் இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். பதிலே வராவிட்டால் ரவுட்டர் நமக்கு முகவரி தரவில்லை, அல்லது அதற்கு அப்பால் தடை இருக்கிறது.

மின்வெட்டுக்குப் பிறகு எல்லாப் பக்கங்களிலும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் கணனியின் திகதியைப் பாருங்கள். பழைய கணனிகளில் மணிக்கூட்டை ஓட்டும் காசளவு பற்றரி தீர்ந்திருக்கும். 2032 என்ற எண் பொறித்த அந்தப் பற்றரி மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும்.

வந்து வந்து போகிறது என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் இடம். மேசைக் கணனியை மேசைக்குக் கீழே, சுவரோரம் வைக்கிறோம். டொங்கிள் அதன் பின்புறத்தில் இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே மூச்சுமுட்டிக் கிடக்கிறது. போதாததற்குத் தகரச் சுவரும் தகரக் கூரையும். ஒரு யூஎஸ்பி நீட்டு வயர் வாங்கி டொங்கிளை மேசைமேல் கொண்டுவந்தாலே பாதிக் குறை தீரும். நீல நிறத் துளைகள் பெரும்பாலும் யூஎஸ்பி 3 வகை. அதில் செருகிய வேறு கருவிகளின் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைபையைக் குழப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் எழுதி வைத்திருக்கிறது. டொங்கிளைக் கறுப்புத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸிலும் பேசுமானால் அது வேகமானது, ஆனால் சுவர் தாண்டும் பலம் குறைந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவையும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ரவுட்டரும் கணனியும் ஒரே மண்டபத்தில் இருந்தால் எதற்கு வைபை? மேசைக் கணனி எழுந்து நடப்பதில்லை. ஐந்து மீற்றர் வலைக்கம்பி ஒன்றை ரவுட்டரிலிருந்து இழுத்துச் செருகிவிட்டால் மேலே சொன்னவற்றில் முக்கால்வாசித் தொல்லை இல்லாமற் போகும். எலி கடிக்காமல் குழாய்க்குள் போடுங்கள், அவ்வளவுதான்.

ஏன் இந்தச் சிரமம்?

“இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?” என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். சிறுபோகத்தில் பெரிய வெங்காயம் கிண்டும் குடும்பங்களுக்குத் தம்புள்ளைப் பொருளாதார நிலையத்தின் விலை முக்கியம். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் சந்தை விலைகளை இணையத்தில் வெளியிடுகிறது. பொதி செய்வதற்கு முன் அதைப் பார்த்தவருக்கும், வியாபாரி வாயால் விலை கேட்டவருக்கும் வித்தியாசம் உண்டு. 2023இல் ஆரம்பித்த அஸ்வெசும உதவிக்கு இணைய வழியாகவும் விண்ணப்பங்கள் பதியப்பட்டன. பரீட்சைப் பெறுபேறுகளும் அங்கேதான் முதலில் வருகின்றன. நம் மண்டபத்துக் கணனி ஊமையாக இருந்தால் பஸ் ஏறி, கொமினிகேஷன் கடையில் காசு கொடுத்து, அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கவேண்டியிருக்கிறது.

மகாவலித் திட்டத்தில் நீரில் மூழ்கிய கொத்மலையை நம்மிடையே நினைவு வைத்திருப்பவர்கள் உண்டு. 1989இல் அங்கே தொடங்கிய சமூக வானொலியில், 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு இணையம் வந்தது. விவசாயிகள் கேள்வியை அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி வானொலியில் தம் மொழியில் பதில் சொல்வார். கணனியைக் கண்ணால் காணாதவர்களுக்கும் பதில் கிடைத்தது. அநுராதபுர மாவட்டத்தின் எல்லைக் கிராமமான மகாவிலச்சியவில் நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆசிரியர் பிள்ளைகளோடு தொடங்கிய முயற்சி, 2000களின் நடுப்பகுதியில் வீடுகளுக்கிடையே கம்பியில்லா வலையாக விரிந்தது. அரசின் நெணசல நிலையங்களின் திட்டம் 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதைப் பெற்றது. விருது பெற்ற நிலையமானாலும் சரி, பெறாததானாலும் சரி, ஒரு டொங்கிள் நின்றுபோன நாளில் அதைத் திருத்தத் தெரிந்தவர் ஊரில் இருக்கிறாரா என்பதிலேயே அதன் வாழ்வு தங்கியிருக்கிறது. அந்த ஆள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளாக இருப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை.

கடைக்கே கொண்டுபோகவேண்டிய நிலை வந்தால், முதலில் ஆவணங்கள் முழுவதையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள். பிறகு இன்னொரு பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்தே கணனியை எழுப்பி, ‘ட்ரை’ என்ற தெரிவைக் கொடுத்துப் பாருங்கள். வட்டில் எதுவும் எழுதப்படமாட்டாது. அந்தத் தற்காலிக லினக்ஸில் வைபை வந்தால் கருவி நல்லது, அமைப்பில்தான் பிழை என்று அறியலாம். கடைக்காரரிடம் டொங்கிளின் எட்டு இலக்க அடையாளத்தையும், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்பதையும், எந்த நாளில் எதைச் செய்த பிறகு நின்றது என்பதையும் எழுதிய துண்டைக் கொடுங்கள். “என்னைக் கேட்காமல் ஃபோர்மட் செய்யவேண்டாம்” என்று அதே துண்டின் மேலே பெரிதாக எழுதிவிடுங்கள். புதிய டொங்கிள் வாங்குவதானால் வாங்கும் முன் கடையிலேயே ஒரு லினக்ஸ் கணனியில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள்.